மேதையின் தந்தக் கத்தி

எங்கள் ஊர் வைசன்ரோடாவின் சந்தைச் சதுக்கத்தில் ஆகஸ்ட் டோர்ன்புஷ் வெண்கலத்தில் நிற்கிறார். வலது கை வானத்தை நோக்கி நீண்டிருக்கும், இடி இடிப்பதற்கே இவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதுபோல. இடது கை தொப்பையின் மேல். கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தி எட்டிப் பார்க்கும். கடித உறை பிரிக்கிற தந்தக் கத்தி. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அதைத் தடவிவிட்டுப் போவார்கள். நானும் தடவிவிட்டுத்தான் போனேன், கணக்கில் ஃபெயில் ஆனேன்.

இசை மேதை செத்து நூறு வருடம் தாண்டிவிட்டது, ஊருக்கு இன்னும் துக்கம் ஆறவில்லை. அவர் பெயரில் தெரு, பள்ளிக்கூடம், மருந்துக்கடை, ஒரு வகைத் தொத்திறைச்சிகூட இருக்கிறது. ரொட்டிக்கடையில் அந்தக் கத்தியை அசல் அளவில் பாதாம் மிட்டாயாகச் செய்து விற்கிறார்கள். மேதையின் சங்கீதத்தைக் கேட்கிறவர்களைவிட மிட்டாய் தின்கிறவர்கள் அதிகம். அது நியாயம்தான், மிட்டாய் நன்றாக இருக்கும்.

அவர் மனைவி எமீலியேவுக்கு மியூசியத்தில் ஒரே ஒரு வரி. பிளம்ஸ் கேக் செய்வதில் கைதேர்ந்தவராம். கல்லறையும் கிடையாது. எங்கள் நாட்டில் செத்தவர்களும் குத்தகைக்குத்தான் படுத்திருக்க வேண்டும். தவணை முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பிடுங்கிவிடுவார்கள். எமீலியே இருந்த இடத்தில் இப்போது பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் டப்பாக்கள் தொங்குகின்றன. மேதையின் கல்லறைக்கு மட்டும் இரும்பு வேலி, வருடா வருடம் பெயின்ட்.

அந்த எமீலியேவுக்காகத்தான் சனிக்கிழமை மத்தியானம் சிலைக்கு எதிர்க் காபிக்கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான் ரீகோ, துப்பறியும் உதவியாளன். பக்கத்தில் என் முதலாளி மார்லீஸ் குண்டர்மான். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்யான தீ விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தே தலை நரைத்தவர். எதிரே எங்கள் கட்சிக்காரர் அன்னக்ரேட், ஊர் இசைப்பள்ளியின் பியானோ டீச்சர். எமீலியேவின் தங்கை வழியில் வந்தவர். காபி ஆறி ஏடு கட்டியும் அவர் அதைத் தொடவில்லை.

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மார்லீஸ். "ரீகோவுக்கு வாய்தான் மிட்டாய்ல மாட்டியிருக்கு. காது சும்மாதான் இருக்கு."

அன்னக்ரேட் மெல்லச் சொன்னார். "எங்க வீட்ல எமீலியே எழுதின பாட்டு நாலு இருக்கு. எதுலயும் நடு ரி கிடையாது. பியானோவோட நட்ட நடுவுல, ச-வுக்குப் பக்கத்துல இருக்கிற கட்டை. அதைத் தொடாம பாட்டு எழுதறது உப்பு போடாம சமைக்கிற மாதிரி. ஆனா எழுதியிருக்காங்க. மெட்டு கீழ இறங்கி வரும், அந்த இடம் வந்ததும் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கும்."

"சரி."

"போன குளிர்காலத்துல, டோர்ன்புஷ் ஆராய்ச்சி பண்ற ப்ரொபசர் ஸ்டீக்லர் மியூசியத்து மச்சுல ஒரு சொனாட்டா, அதாவது பியானோவுக்கான பெரிய இசைப் படைப்பு, கிடைச்சுதுன்னு சொன்னார். ஆகஸ்ட் எழுதினதாம். அவரோட பியானோக்காரர் எங்க பள்ளிக்கூடத்துல உக்காந்து அந்தப் பழைய தாளைப் பார்த்து வாசிச்சார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். முழு சொனாட்டாவும் அதே படியைத் தாண்டிக் குதிச்சுது."

"நீங்க பத்திரிகைக்காரங்ககிட்ட போய் இது எமீலியே எழுதினதுன்னு சொல்லிட்டீங்க," என்றேன்.

"சொன்னேன். அப்புறம் சொனாட்டா அச்சாகி வந்துது. பார்த்தா பக்கத்துக்குப் பக்கம் நடு ரி. உங்க எமீலியே தொடமாட்டாங்கன்னீங்களே, இது யார் தொட்டதுன்னு ப்ரொபசர் எல்லார் முன்னாடியும் கேட்டார். பழைய தாள் அவரோட இரும்புப் பெட்டில இருக்கு. காட்ட மாட்டார்."

அதன் விளைவு ஊருக்கே தெரியும். மறுநாள், ஞாயிறு காலை, டோர்ன்புஷ் விழா. வழக்கமாக மேயர் மேடையில் மேதையின் அசல் தந்தக் கத்தியால் ஒரு உறையைப் பிரிப்பார், உள்ளே வாழ்த்துரை இருக்கும். இந்த வருடம் ப்ரொபசரின் ஏற்பாட்டில் உள்ளே இருந்தது அன்னக்ரேட்டின் மன்னிப்பு. எமீலியே டோர்ன்புஷ் எதையும் இயற்றவில்லை, நான் சொன்னது பொய், இனி அந்தப் பெயரை எடுக்க மாட்டேன் என்று அவர் தன் மாணவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் வேலை போய்விடும், அவதூறு வழக்கும் வரும்.

"வேலை போனா போகட்டும்," என்றார் அன்னக்ரேட். "ஆனா அந்த வரியை என் வாயால படிச்சுட்டேன்னா, அப்புறம் எமீலியேன்னு ஒருத்தி இல்லவே இல்லன்னு ஆயிடும்."

மார்லீஸ் சிலையின் பக்கம் திரும்பினார். "ஒருத்தி ஒரு கட்டையைத் தொடலைன்னா ஒண்ணு பிடிக்கல, இல்ல முடியல. அவங்க எந்தப் பியானோல எழுதினாங்க?"

"ஆகஸ்டோட பெரிய பியானோ இல்ல. அதைப் பூட்டிச் சாவியைக் கையோட வச்சிருப்பார். துணி துவைக்கிற அறைல எமீலியேவோட அம்மா குடுத்த மேஜைப் பியானோ ஒண்ணு இருந்துது. சதுரமா, நாலு காலோட. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ இசைப்பள்ளி மாடிப்படிக்குக் கீழ கிடந்துது. அப்புறம் காணோம். எறிஞ்சிருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எறிஞ்சாங்களா? நாட்டை ரெண்டாப் பிரிச்ச சுவர் இடியறதுக்கு முன்னாடி, இந்தக் கிழக்குப் பக்கம் யாருங்க எதை எறிஞ்சாங்க? ஆணி வாங்கவே ஆள் தெரிஞ்சிருக்கணும். நாலு கால் இருக்கிற மரச்சாமான் ஒண்ணு காணாமப் போச்சுன்னா அது நேரா தோட்டத்துக்குத்தான் போயிருக்கும். அப்ப பள்ளிக்கூடத்துக்குக் காவல்காரர் யாரு?"

"கூனெர்ட்," என்றார் அன்னக்ரேட்.

மார்லீஸ் ஏற்கெனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் வழிக்கு இன்னொரு மிட்டாய்க் கத்தி வாங்கிக்கொண்டேன்.

* * *

ரயில் பாதையோரம் வாடகைத் தோட்டங்கள். ஆளுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு மரக்குடில், நாலு வரிசை முள்ளங்கி. இதை ஆள்வதற்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு விதிப் புத்தகம். சங்கத் தலைவர் ஹெர் கூனெர்ட் அளவுகோலோடு வேலிச் செடியின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

"மத்தியான அமைதி நேரம்," என்று கிசுகிசுத்தார். "மூணு மணி வரைக்கும் சத்தம் கூடாது."

"நாங்க சத்தமில்லாம ஒரு மேஜையைப் பார்க்கணும்," என்று மார்லீஸும் கிசுகிசுத்தார்.

"மேஜை எதுவும் இல்ல."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். குடிலுக்குள் ரெக்சின் துணி போட்ட ஒரு சதுர மேஜை, அதன் மேல் இருபது முப்பது தக்காளி நாற்று. மேஜையின் கால்கள் கடைந்தெடுத்தவை. தக்காளிக்காக யாரும் அப்படிக் கால் கடைய மாட்டார்கள்.

"ஹெர் கூனெர்ட், அந்த மூலைல ஒரு கட்டில் தெரியுது," என்றேன். "மெத்தை, தலையணை, அலாரம் கடிகாரம். தோட்டத்துல யாரும் தங்கக்கூடாதுன்னு விதி இருக்கே. தலைவருக்குத் தெரியுமா? இல்ல நான் போய்ச் சொல்லட்டுமா?"

"தலைவர் நான்தான்யா."

"அதான் உங்ககிட்டயே சொல்றேன்."

அவர் கதவைத் திறந்தார். தக்காளிகளைக் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் வைத்தார். ரெக்சினை உரித்தால் கீழே செர்ரி மரம், மூடியில் ஆணி அடித்திருந்தது. ஆணி பிடுங்கினால் சத்தம் வருமே என்று மனிதர் நடுங்கினார். ஒவ்வொரு ஆணிக்கும் எண்ணெய் விட்டு, துணி சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரே பிடுங்கினார். திருடன்கூட இவ்வளவு மரியாதையோடு திறக்க மாட்டான்.

மூடி திறந்தது. மஞ்சளாகிப்போன கட்டைகள் வரிசையாகச் சிரித்தன. நட்ட நடுவில் ஒன்று இல்லை.

"நான் எடுக்கலங்க," என்றார் கூனெர்ட். "வந்தப்பவே பொக்கைதான்."

"எது இல்லன்னு பாரு ரீகோ."

"ச இருக்கு. க இருக்கு." விரலால் தொட்டு எண்ணினேன். "ரி இல்ல பாஸ்."

மார்லீஸ் பக்கத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துப் புரட்டினார். அடிப்புறத்தில் செய்தவன் மையால் எண் போட்டிருந்தான். இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையில் முப்பத்திமூன்று, வலப்பக்கத்தில் முப்பத்தைந்து. அவர் அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நான் மிட்டாய்க் கத்தியைக் கடிக்கப் போன நேரம் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"பாஸ், ஒண்ணு வாங்கித் தரேன், அதை விடுங்க."

அவர் அதைத் திருப்பிப் பிடித்தார். அகலமான முனை, பிறகு இரண்டு பக்கமும் ஒரு வெட்டு, பிறகு ஒல்லியான தண்டு. எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தூக்கத்திலும் தெரிந்த வடிவம். அதை அந்த ஓட்டையில் வைத்து விரலால் அழுத்தினார். இரண்டு பக்கமும் கறுப்புக் கட்டைகள் அந்த வெட்டுகளுக்குள் வந்து உட்கார்ந்தன. நூல் இடைவெளி இல்லை.

கூனெர்ட் தொப்பியைக் கழற்றினார். அமைதி நேரத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

"பெரிய பியானோவைப் பூட்டி வச்சும் அவங்க இங்க உக்காந்து எழுதியிருக்காங்க," என்றார் மார்லீஸ். "அதனால ஆகஸ்ட் பல்லைப் பிடுங்கற மாதிரி நடுக்கட்டையைப் பிடுங்கிட்டான். பிடுங்கினதை ஒளிச்சு வைக்கவும் இல்ல. வெள்ளிப் பூண் போட்டுப் பைல சொருகிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான், தினம் அவங்க கண்ணுல படற மாதிரி. அவங்க நிறுத்தல. ஓட்டையைத் தாண்டி எழுதினாங்க."

அந்தப் பிடுங்கின பல்லைத்தான் ஊரே நூறு வருடமாகத் தடவி வரம் கேட்டிருக்கிறது. வெண்கலத்தில் வார்த்தோம், பாதாமில் செய்து பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுத்தோம். எங்கள் ஊரின் அறிவை நினைத்தால் துப்பக்கூடத் தோன்றவில்லை.

"ஆனா பாஸ், பாதாம் மிட்டாய் சாட்சி சொல்லாது."

"அசல் நாளைக்கு மேடைக்கு வரும். மேயரே கையில ஏந்திட்டு வருவார்."

"அச்சுல இருக்கிற ரி?"

"அதை ப்ரொபசர் வாயாலதான் வாங்கணும். திட்டினா வாயை மூடிக்குவார். பாராட்டினா தொறப்பார்."

* * *

ஞாயிறு காலை நகர மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் பெரிய மனிதர்கள், பின் வரிசையில் அன்னக்ரேட்டின் மாணவர்கள். மேஜைப் பியானோவை கூனெர்ட்டின் இழுவை வண்டியில் கொண்டுவந்து மேடையோரம் போட்டிருந்தோம், ரெக்சினும் தக்காளியும் அப்படியே மேலே. அலங்காரம் என்று சொன்னேன். மண்டபத்துக்காரர் நம்பிவிட்டார். விழா என்றால் எதையும் நம்புவார்கள்.

ப்ரொபசர் ஸ்டீக்லர் மேதையைப் பற்றிப் பேசினார். பிறந்தார், வளர்ந்தார், ஜொலித்தார் என்று பேசிக்கொண்டே போனார். மேடையில் ஒரு பக்கம் வெல்வெட் தலையணையில் கத்தியோடு மேயர் பார்ட்ஷ், மறுபக்கம் வெளுத்த முகத்தோடு அன்னக்ரேட். கேள்வி உண்டா என்று ப்ரொபசர் சம்பிரதாயத்துக்குக் கேட்டதும் மார்லீஸ் எழுந்தார். அப்படி ஒரு அப்பாவிச் சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"ஹெர் ப்ரொபசர், எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனா அச்சுல வந்திருக்கிற சொனாட்டா அவ்வளவு சரளமா ஓடுதே, அதுல பாதிப் பெருமை உங்களோடதுன்னு சொல்றாங்க. நெஜமா?"

"பாதின்னு சொல்ல முடியாது," என்று ப்ரொபசர் சிரித்தார். பாதிக்கு மேல் என்று அந்தச் சிரிப்பு சொன்னது. "மாஸ்டர் வேகமா எழுதறவர். பழைய தாள்ல சில விடுபடல் இருந்துது. நான் திருத்தினேன். அதுதான் எங்க வேலை."

"சில இடத்துலயா? சின்ன வேலைதான் அப்ப." மார்லீஸ் உட்காரப் போனார்.

"சின்ன வேலையா?" ப்ரொபசருக்குச் சுருக்கென்றது. "அம்மா, மொத்தத் தாள்லயும் நடு ரி ஒரு இடத்துல கூட இல்ல. ஒரு இடத்துல கூட. ஒவ்வொண்ணும் எங்க வரணும்னு யோசிச்சு வச்சது நான். இப்ப நீங்க கேக்கற ஒவ்வொரு நடு ரியும் என்னோடது."

பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். பின் வரிசையில் ஒரு பெண் பிள்ளை, "டீச்சர் அப்பவே சொன்னாங்க," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. அன்னக்ரேட் தலையைத் தூக்கினார். தான் என்ன சொன்னோம் என்பது ப்ரொபசருக்கு அப்போதும் புரியவில்லை. தன் குரலைக் கேட்பதில் மும்முரமாக இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும்.

"ரொம்ப நன்றி. இன்னும் ஒரே சந்தேகம்," என்றார் மார்லீஸ். "அந்தக் கத்தில ரெண்டு பக்கமும் வெட்டு இருக்கே, அது எதுக்கு?"

"கட்டைவிரல் வச்சுப் பிடிக்க."

"மியூசியம் போட்ட படத்துல தெரியுதே, அடில ஒரு ஓட்டை?"

"ஆணில மாட்ட."

"மையால முப்பத்திநாலுன்னு எழுதியிருக்கே?"

"முப்பத்திநாலாவது பிறந்தநாளுக்கு டியூக் குடுத்த பரிசு. மியூசியம் வெளியிட்ட புத்தகத்துல இருக்கு. நானே எழுதினேன்."

"ரீகோ, தக்காளியைத் தூக்கு."

தூக்கினேன். ரெக்சினை இழுத்து மூடியைத் திறந்தேன். முன் வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"இது எமீலியே டோர்ன்புஷ்ஷோட பியானோ," என்றார் மார்லீஸ். குரலில் இப்போது அப்பாவித்தனம் இல்லை. "நடுவுல ஒரு கட்டை இல்ல. அது ரி. இந்தப் பக்கம் முப்பத்திமூணு, அந்தப் பக்கம் முப்பத்தஞ்சு. ஹெர் மேயர், உங்க கையில இருக்கிறது முப்பத்திநாலு. கொஞ்சம் வச்சுப் பாருங்க."

மேயர் பார்ட்ஷ் கெட்டவர் இல்லை, காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவர், அவ்வளவுதான். ப்ரொபசரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பெரியதாக இருந்தது. நடந்து வந்து, குனிந்து, மேதையின் கத்தியை ஓட்டையில் வைத்தார். அடிப்புற ஓட்டை உள்ளே நின்ற கம்பியில் போய் உட்கார்ந்தது. டக் என்று ஒரு சின்ன மரச் சத்தம்.

முதலில் சமாளித்துக்கொண்டது ப்ரொபசர்தான். அதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

"இதுல என்ன இருக்கு? பியானோல ஒரு கட்டை இல்ல, சரி. மாஸ்டரே இந்தப் பியானோல உக்காந்து எழுதியிருக்கலாமே. தாள்ல இருக்கிறது அவரோட கையெழுத்து. அதை மறந்துடாதீங்க."

சிலர் தலையாட்டினார்கள். ஒரு நிமிடம் எங்கள் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"பரீட்சைல காப்பி அடிச்சவன் பேப்பர்லயும் அவன் கையெழுத்துதான் இருக்கும்," என்றார் மார்லீஸ். "அதை விடுங்க. மாஸ்டர் இங்க உக்காந்து எழுதினார்னே வச்சுக்குவோம். எழுதறப்போ ரி வேணும். ரி எங்க இருக்கு? அவரோட பெரிய பியானோல, சாவி அவர் பைல. எழுந்து போய்ப் பூட்டைத் திறக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இப்ப மேயர் மாட்டினாரே, அவ்வளவு நேரம். அந்தச் சாவி கையில இருக்கிறவனுக்கு ஒரு கட்டையைத் தாண்டிக் குதிக்க வேண்டிய அவசியமே இல்ல, ஹெர் ப்ரொபசர். அது இல்லாதவங்கதான் குதிச்சாங்க."

ப்ரொபசர் தன் பேச்சுத் தாள்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினார். முன் வரிசையில் ரொட்டிக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுப்பில் இன்னும் பத்துத் தட்டு மிட்டாய்க் கத்தி இருந்திருக்கும், பாவம்.

அன்னக்ரேட் மேஜைப் பியானோ பக்கம் வந்தார். முப்பத்திநாலாம் கட்டையை ஒரு விரலால் அழுத்தினார். பின்பாதியை அறுத்தெறிந்த கட்டை, சத்தம் எங்கிருந்து வரும்? கீழே போனது, மேலே வரவில்லை. அவர் அதன்மேல் கை வைத்தபடியே அழுதார். நான் தக்காளித் தட்டைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது, அதை மார்லீஸ் பார்த்தால் ஒரு வாரத்துக்கு விடமாட்டார்.

மேயருக்கு இப்போது ஒரே கவலைதான். நிகழ்ச்சி நிரல். ஒரு கையில் உறை, இன்னொரு கை காலி. நூறு வருட வழக்கம் நடுவில் நின்றுபோனால் யார் பொறுப்பு என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"ஃபிராவ் அன்னக்ரேட்," என்று தயங்கினார். "இதைப் பிரிக்கணும். கத்தி அங்க மாட்டிக்கிச்சே. எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம். அது இனிமே அங்கதான் இருக்கும்." அன்னக்ரேட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கையாலயே கிழிங்க."

மேயர் ஓரத்தைத் தேடினார்.

"ஓரமா இல்ல, ஹெர் மேயர். நடுவுல."

அவர் இன்னொரு முறை கூட்டத்தைப் பார்த்தார். பிறகு உறையை இரண்டு கையாலும் பிடித்து நட்ட நடுவில் கிழித்தார். உள்ளே இருந்த மன்னிப்பும் அதோடு கிழிந்தது.